கற்பூர மொழியும் நம் பள்ளிக்கூடமும்

எங்கள் தோட்டத்து லயங்களில், தலைவாராது பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையைத் தாய் ஒரு சொல்லால் அதட்டுவதுண்டு: "சாக்காய் மாதிரி நிற்காதே!" பிள்ளை சிரிக்கும், அயல் வீட்டாரும் சிரிப்பர். யானும் சிறுவயதில் அவ்வாறு அதட்டப்பட்டவன். பின்னர்ப் பிறரை அதே சொல்லால் ஏசியவன். அச்சொல் யாரைக் குறிக்கிறது, அவர் செவியில் அது விழுந்தால் என்னாகும் என்று அந்நாளில் எண்ணிப் பார்த்ததில்லை. அடிமை, ஏவலாள் என்னும் இழிபொருள் படிந்த அச்சொல்லை அரசாங்கம் கைவிட்டு, 'ஓராங் அஸ்லி', அதாவது ஆதிகுடி மக்கள், என்ற பெயரை ஏற்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நம்மவர் நாவை விட்டு மட்டும் அஃது இன்னும் அகலவில்லை.

சொல்லினால் உண்டாகும் புண் இன்னதென்று அறியாதவரல்லர் நாம். 1971-இல் வெளிவந்த அப்துல்லா ஹுசைனின் 'இண்டர்லோக்' நாவல் 2011-இல் ஐந்தாம் படிவ மாணவர்க்குப் பாடநூலாக்கப்பட்டபோது, அது தமிழரைச் சாதிப் பெயரிட்டு இழிவு செய்கிறதென்று நாடெங்கும் நம்மவர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அந்நூல் திரும்பப் பெறப்பட்டது. பாடநூலில் ஒரு சொல் எவ்வளவு செய்யும் என்பதை அன்று உலகுக்கு எடுத்துக்காட்டிய நாம், ஆதிகுடிப் பிள்ளை தன் பாடநூலைத் திறக்குங்கால் அதில் தன்னை எவ்வாறு காண்கிறது என்று கேட்டோமா? காண்கிறதா என்றேனும் கேட்டோமா?

நிற்க. இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு பழைய சஞ்சிகைக் கட்டுரை. 1894-இல் லேக், கெல்சால் என்னும் இருவர், ராயல் ஆசியாட்டிக் சங்கத்து நீரிணைக் கிளையின் சஞ்சிகையில், ஜொகூரின் கற்பூர மரத்தையும் கற்பூர மொழியையும் பற்றி எழுதினர். அதற்கு முன்னரே, 1847-இல், லோகன் என்பவர் ஜொகூரின் ஆதிகுடிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் ஜொகூரின் எண்டாவ் ஆற்றுப்புறத்துக் காடுகளில் வாழும் ஜக்கூன் மக்களுக்கே அம்மொழி உரியது.

கற்பூரம் தேடிக் காடு புகுவோர் வீட்டில் வழங்கும் சொற்கள் பலவற்றை அங்கே உரைக்கலாகாது. உரைத்தால் மரத்தின் பிளவுகளில் உறைந்துள்ள கற்பூரம் கைக்கு எட்டாது மறைந்துபோம் என்பது அவர் நம்பிக்கை. ஆதலின், பொருளின் தன்மையைச் சுட்டிச் சுற்றிவளைத்துக் கூறும் தொடர்களும், மலாயில் இல்லாத தொன்மைச் சொற்களும் விரவிய வேறொரு மொழி பிறந்தது. கற்பூர மரத்துத் தேவதை சில்வண்டின் உருவிலே பாடும். இரவில் அவ்வொலி கேட்பின் கற்பூரம் அருகில் உண்டு என்றும் அவர் கருதினராம்.

இதைப் படித்தபோது எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைத் தகுதி வழக்கை நம் இலக்கணம் வகுக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். 'விளக்கை அணை' என்னாது 'குளிர வை' என்று இன்றும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்கிறோம். நாம் செய்தால் இலக்கணம். ஜக்கூன் செய்தால் காட்டுமிராண்டி வழக்கமோ? அவர் பேச்சு மலாயை ஒட்டியதாதலின், தனியே கற்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பார்க்கு இக்கற்பூர மொழியே தக்க விடையாகும்.

நமக்கும் அக்கற்பூரத்துக்கும் உறவு நெடியது. பழந்தமிழில் அதற்குப் 'பளிதம்' என்று பெயர். சுமத்திராவில், கற்பூரத்தால் பேர்பெற்ற பாரூஸ் துறைக்கு அண்மையிலுள்ள லோபு துவாவில், தமிழ் வணிகக் குழுவினர் பொறித்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கிடைத்திருக்கிறது. வணிகன் பெயர் கல்லில் நின்றது. மரம் அறிந்து, காடு புகுந்து, கற்பூரம் கொணர்ந்தவன் பெயர் எங்கும் நிற்கவில்லை. இன்று கடையில் கிடைக்கும் கற்பூரம் பெரும்பாலும் ஆலைச் சரக்கு. அதைக் கொளுத்துவது தகுமா என்ற விவாதத்தை இவ்விதழ் வாசகர் நன்கறிவர். அது இன்று என் பொருளன்று.

மேற்கூறிய சஞ்சிகைக் கட்டுரையின் குறையும் இங்கேதான். சொற்களைத் திரட்டி மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் எதிரே நிறுத்தியது பெருந்தொண்டு. அத்தொண்டு இல்லையேல் நாம் இன்று இதை அறிந்திரோம். ஆயினும் பட்டியல் பேச்சாகாது. அது புலவர்க்குச் சென்றது. பேசியவரின் பேரப்பிள்ளைக்குத் திரும்பி வரவில்லை. 1906-இல் ஸ்கீட், பிளாக்டன் இருவரும் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகளுக்கு 'மலாய்த் தீபகற்பத்து அஞ்ஞானக் குலங்கள்' என்று பொருள்படப் பெயரிட்டனர். ஞானம் எவரிடம், அஞ்ஞானம் எவரிடம் என்ற தீர்ப்பு நூலின் முகப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

சீர்திருத்த நண்பர் ஒருவர் இடைமறித்துக் கேட்பார்: "தேவதையும் விலக்குச் சொல்லும் மூடநம்பிக்கையன்றோ? அதைப் பள்ளிக்குள் கொணரலாமா?" நேரிய கேள்வி. நம்பிக்கையைப் போதிக்க வேண்டும் என்று யான் கூறவில்லை. எம்மரம் கற்பூரம் தரும், எம்மரம் தராது என்றறியும் கண்ணும், ஒன்றற்கு மற்றொரு பெயர் படைக்கும் சொல்வன்மையும் அந்நம்பிக்கையோடு பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் போற்றுக என்கிறேன். மேலும், நம் மூடப்பழக்கத்தைக் களைந்தவர் நம்முள்ளிருந்தே எழுந்தனர். வலியவன் எளியவனுடைய பழக்கத்தைக் களைவேன் என்று புகுவது சீர்திருத்தமன்று, ஆதிக்கம்.

இனிப் பள்ளியைப் பார்ப்போம். 1954-ஆம் ஆண்டின் ஆதிகுடிகள் சட்டம், ஆதிகுடி என்னும் காரணத்தால் மட்டும் எப்பிள்ளையையும் எப்பள்ளியிலிருந்தும் விலக்கலாகாது என்கிறது. பெற்றோர் அல்லது காப்பாளரின் முன்னிசைவின்றிச் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்றும் கூறுகிறது. வாயில் திறந்திருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது? 2015-இல் கிளந்தானில், போஸ் தோஹோய்ப் பள்ளியின் விடுதியிலிருந்து ஏழு ஆதிகுடிக் குழந்தைகள் தண்டனைக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடினர் என்று சொல்லப்பட்டது. 47 நாட்களுக்குப் பின் இருவர் மட்டுமே உயிரோடு கிடைத்தனர். ஐந்து குழந்தைகள் வீடு திரும்பவேயில்லை. பள்ளியைவிடக் காடே அடைக்கலம் என்று பிஞ்சு உள்ளங்கள் துணிந்தனவென்றால், அப்பள்ளி அவர்தம் பள்ளியாக இருக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை நுணுகிப் படித்தால் மற்றொன்று புலனாகும். தேசியப் பள்ளியில் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்பின், தமிழும் சீனமும் கற்பிக்க வசதி செய்தல் வேண்டும் என்கிறது சட்டம். பூர்விக மொழிகளுக்கோ, அதே பதினைந்து பேர் கேட்டாலும், நியாயமும் சாத்தியமும் இருப்பின் வசதி செய்யலாம் என்கிறது. நமக்கு 'வேண்டும்'; அவர்க்கு 'லாம்'. செமாய் மொழி சில பள்ளிகளில் பாடமாக வைக்கப்பட்டதுண்டு. மற்றவை அந்த 'லாம்' என்னும் ஈற்றிலே தொங்கிக்கொண்டிருக்கின்றன.

தீபகற்பத்தின் ஆதிகுடியினர் பதினெட்டுப் பிரிவினர். மொத்தம் ஏறக்குறைய 2 லட்சம் பேர். தொகை சிறிது என்பது தடையாகாது. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982-இல் தொடங்கிய மொழிக் கூடுகளில், முதியோரே ஆசிரியராக இருந்து மழலைகளுக்குத் தாய்மொழி புகட்டினர். பட்டம் பெற்றவரே ஆசான் என்ற பிடிவாதத்தை விட்டால், எண்டாவ் ஆற்றங்கரையிலும் ஆசான்கள் இருப்பர்.

பாடத்துக்குப் பொருளா இல்லை? சிங்கப்பூருக்கு நீர் அளிக்க உதவும் லிங்கியூ அணையை எழுப்பியபோது, அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஜக்கூன் மக்கள் நிலமிழந்தனர். அவர்கள் தொடுத்த வழக்கில், ஜொகூர்பாரு உயர்நீதிமன்றம் அவர்தம் மரபுவழி நில உரிமையை ஏற்று 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் ஈடு அளித்தது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் மாநிலத்தில் பிறந்த இத்தீர்ப்பை நம் மாநிலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

வாசக அன்பர்களை மூன்று வேண்டுகிறேன். முதலாவது, 'சாக்காய்' என்ற சொல்லை நம் வீட்டிலிருந்தும், கதை நாடகங்களிலிருந்தும் விலக்குவோம். இரண்டாவது, நம் தமிழ்ப் பள்ளிகளில் ஜக்கூன் முதியோர் ஒருவரை ஆசிரியருக்குரிய மரியாதையோடும் ஊதியத்தோடும் வரவழைத்து, அவர் வாயிலாகவே அவர் காட்டைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கச் செய்வோம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மனம் வைத்தால் இது கைகூடும். மூன்றாவது, தமிழுக்காக மகஜர் எழுதும்போதெல்லாம் அதன் கீழே இன்னொரு வரியும் சேர்ப்போம்: நமக்குள்ள 'வேண்டும்' அவர்க்கும் வேண்டும்.