ஔவை குடித்த கள்

ஆண்டு விழா ஒத்திகையில் மாணவிகள் 'கிளப்புல மப்புல' பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். துள்ள வைக்கும் பாட்டுதான், மறுக்க மாட்டேன். "இது யாரைத் திட்டுது தெரியுமா?" என்று ஒருத்தியிடம் கேட்டேன். "நம்மளத்தான் மேம்" என்று சிரித்துவிட்டு மறுபடி ஆடப் போனாள்.

ஆதி, ஜீவா இருவரும் சேர்ந்ததுதான் ஹிப்ஹாப் தமிழா. 2011இல் இணையத்தில் பரவிய அந்தப் பாட்டு, குடித்துவிட்டு ஆடும் பெண்ணைக் காட்டித் தமிழ்ப் பண்பாடு போயிற்றே என்று வருந்துகிறது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது. 'நான் ஒரு ஏலியன்' ஆல்பம் வந்தது 2020இல். நடுவில் எட்டு ஆண்டுகள். 2015இல் 'ஆம்பள', 'தனி ஒருவன்' என்று சினிமாவுக்கு இசையமைத்தார்கள். 2017இல் ஆதி தன் கதையையே 'மீசைய முறுக்கு' என்று எழுதி, இயக்கி, நடித்தார். 2019இல் தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தேடும் 'தமிழி' ஆவணத் தொடர் வந்தது.

இவற்றில் நான் மதிப்பது 'தமிழி'யை. தமிழ் பிராமியை வகுப்பில் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்புவது எவ்வளவு கடினம் என்று. ஹிப்ஹாப் பாடகர் ஒருவர் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த எழுத்தின் பின்னாலேயே போனால் எங்கே போய்ச் சேர்வோம்? திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைப்பள்ளி என்கிறது அது. புறநானூறு 235இல் அந்த அதியமானை இழந்து புலம்பும் ஔவையாருக்கு முதலில் நினைவு வருவது, அவனோடு பகிர்ந்து குடித்த கள். கோலூன்றிய பாட்டியாகவே அவரைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அதிர்ச்சி. அந்தக் கள்ளால் பண்பாடு கெட்டதாகச் சங்கப் பாட்டு எதுவும் புலம்பவில்லை.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்தப் பாட்டைக் கேட்பது இன்னும் கசப்பு. சனி, ஞாயிறுகளில் எங்கள் ஊர் மதுக்கடை வாசல்களில் நிற்பது பெரும்பாலும் ஆண்கள். விழுந்து கிடப்பவனைத் தேடி வருபவள் பெண். வீட்டில் அடி வாங்குபவளும் அவளே. அவன் குடித்தால் பண்பாடு போவதில்லை. காதலி ஏமாற்றிவிட்டாள் என்று நம் சினிமா அவனுக்குக் காரணம் தேடித் தரும், ஒரு சோகப் பாட்டோடு.

இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே செய்பவற்றைப் பக்க வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். கலைஞர் கற்றுக்கொள்ளும் இடமே அதுதான் என்பேன். ஆனால் அங்கே கற்றது, இருபதுகளின் தொடக்கத்தில் எழுதிய வரிகளைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டாமா? இரண்டாயிரம் ஆண்டு பின்னோக்கிப் போக முடிந்தவர்களுக்கு 2011 அவ்வளவு தூரமா?

பாட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை, மாணவிகள் ஆடட்டும். மறுவாரம் வகுப்பில் புறம் 235ஐ நடத்தினேன். அன்று சிரித்தவள் எழுந்து கேட்டாள்: "அப்போ அந்தப் பாட்டு ஔவையாரையும் சேர்த்துத்தான் திட்டுதா மேம்?"

'தமிழி' தந்தவர்களிடம் எனக்கும் அதே கேள்விதான்.