விரல் அசைய அஞ்சு வருஷம்

'எவ்ரிஒன்ஸ் ஹீரோ' (2006) பேஸ்பால் அனிமேஷன் படம். கதை 1932ல். பேப் ரூத்தோட மட்டை திருடு போகுது. யாங்கி ஸ்டேடியத்துல துப்புரவு வேலை பார்க்கிற அப்பாவுக்கு வேலை போகுது. பத்து வயசுப் பையன் மட்டையைத் தேடிக் கிளம்புறான். புடவையில பழுது விழுந்தா கூலியில பிடிச்சுடுவாங்க என்ற பயத்தோட வளர்ற ஆரணித் தறி வீட்டுப் பிள்ளைக்கு இது வரைக்கும் நல்லாவே புரியும்.

ஆனா தெருவுல கூட சரியா அடிக்கத் தெரியாத அவனையே கடைசியில உலகத் தொடர்ல ஆட இறக்குறாங்க! அங்கதான் படம் சறுக்குது. (நிஜத்தில் அந்தத் தொடரை யாங்கீஸ் 4-0 என்று ஜெயிச்சுது.) இது விடாமுயற்சி இல்ல, ஒரு நாள் அதிர்ஷ்டம்.

இத்தனைக்கும் படத்தை இயக்க ஆரம்பிச்சவர் கிறிஸ்டோபர் ரீவ். 1995ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஒரு விரல் அசையவே அவருக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. படம் முடியும் முன்னே, 2004ல், போயிட்டார்.