எர்த்ஸீயில் பாத்திரம் கழுவுவது யார்?

ஆபீஸில் ரிலீஸ் நெருங்கினால் எனக்குப் புது நாவல் ஏறாது. முடிவு தெரிந்த புத்தகம்தான் வேணும். பல வருஷமாக அது உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசை. ஆறுதலுக்காகத் திரும்பப் படிப்பது சோம்பேறி வாசிப்புன்னு சொல்வார்கள். இந்த வரிசைக்கு அது பொருந்தாது.

முதல் நாவலான ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968) தரும் ஆறுதல் அதன் விதியில் இருக்கிறது: உண்மைப் பெயர் தெரிந்தால் எதுவும் சொன்ன பேச்சு கேட்கும். ஒரு வேரியபிளுக்குப் பெயர் வைக்க அரைமணி நேரம் திணறுகிற ஆளுக்கு இதைவிட இனிப்பு ஏது? தான் அவிழ்த்துவிட்ட நிழலை கெட் தன் பெயராலேயே அழைத்ததும் எல்லாம் கச்சிதமாக மூடிக்கொள்கிறது. ஆனால் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. கிராமத்துச் சூனியக்காரிகளின் வித்தை மட்டம் என்று கதை போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் நாவல் வந்து 18 வருஷம் கழித்து, 1990-ல் ‘தெஹானு’ எழுதி, லெ குவினே இந்த ஒழுங்கைக் கலைத்தார். டெனார் இதில் நடுவயது விதவை. தீயில் கருகிய ஒரு குழந்தையை வளர்க்கிறாள். கடலிலிருந்து திரும்பிய மகன், தட்டைக் கழுவுவது பெண்கள் வேலை என்கிறான். இந்த அடுக்களையில் சாப்பிடுகிற எல்லாருக்கும் உள்ள வேலை என்கிறாள் டெனார். யோசித்துப் பாருங்கள், முந்தைய மூன்று நாவல்களிலும் சாப்பிட்ட தட்டுகள் என்ன ஆயின?

இதைப் படித்துவிட்டு முதல் நாவலுக்குத் திரும்பினால், கண் கெட்டின் சித்திமேல் நிற்கிறது. ஆடுகளை அழைக்கும் அவள் மந்திரத்தைக் கேட்டுத்தானே அவன் வித்தையே தொடங்கியது! அந்தக் கெட் ‘தெஹானு’வில் சக்தி முழுக்கத் தீர்ந்து வந்து சேர்கிறான். அரசனின் ஆட்கள் தேடி வந்தால், பார்க்க வெட்கப்பட்டு மலையில் ஒளிந்து ஆடு மேய்க்கிறான். நாற்பதைத் தாண்டியும் கோடு எழுதிக்கொண்டிருக்கிற யாருக்கும் அந்த வெட்கம் புரியும். லெ குவின் அதைக் கேலி செய்வதில்லை, அவசரமாக ஆற்றுவதும் இல்லை.

முடிவுதான் உறுத்துகிறது. மந்திரமில்லாமல் வாழ இவ்வளவு பொறுமையாகப் பழக்கிவிட்டு, கடைசியில் டிராகன் வந்து எதிரியை எரித்துவிடுகிறது. அதனால் நான் பெரும்பாலும் அதற்கு முந்தைய குளிர்காலத்தோடு நிறுத்திக்கொள்வேன். டெனாரும் கெட்டும் ஒரே வீட்டில், அடுப்பு எரிகிறது, ஆடுகள் பட்டியில்.