சீறாவில் நெல்வயல்: கோட்பாட்டோடு ஒரு வாசிப்பு

இலக்கியக் கோட்பாடு என்றதும் உயர்தர வகுப்பு மாணவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். பெயர்களைவிட, ஒவ்வொரு கோட்பாடும் பிரதியிடம் என்ன கேட்கிறது என்பதே முக்கியம். ஹோமரின் காவியங்களை ஆராயப் பிறந்த வாய்மொழிக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களில் பொருத்திப் பார்த்த க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வந்தது. அவருடைய முடிவுகளை மறுக்கலாம். ஆனால் மீள மீள வரும் தொடர்களைக் கவனிக்க வைத்தது அந்தக் கேள்விதான்.

நமது சீறாப்புராணத்திடமும் இப்படிக் கேட்கவேண்டும். உமறுப்புலவர் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை மழையும் ஆறும் நெல்வயலுமாகப் பாடுகிறார். இரணைமடுத் தண்ணீர் பாயும் பரந்தனில் இதைப் படிப்பித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "பாலைவனத்தில வயல் எங்கால வந்தது, சேர்?"

யதார்த்தவாதத்தின் அளவுகோலில் இது பிழை. காப்பிய மரபின்படி பார்த்தால் இது இலக்கணம். பெருங்காப்பியத்துக்கு நாட்டு வருணனை வேண்டும் என்கிறது தண்டியலங்காரம். வாசகரை முன்வைக்கும் கோட்பாடு இன்னும் ஒரு படி போகிறது: இதைக் கேட்டவர்கள் யார்? தமிழ் முஸ்லிம்கள். அவர்களுக்கு வளம் என்றால் தண்ணீரும் நெல்லும். நபிகள் நாயகம் (ஸல்) பிறந்த மண்ணின் பறக்கத்தைப் புலவர் வேறெப்படிக் காட்டுவார்?

ஆனால் நிலத்தைத் தமிழாக்கியவர், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று காண்டப் பெயர்களை அரபிலேயே வைத்தார். ஆகவே "கம்பரைப் பார்த்துச் செய்தது" என்று ஒரே வசனத்தில் ஒதுக்கிவிட ஏலாது. எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்று புலவர் தெரிந்தே எடுத்த முடிவு இது. சீறாவை ஓதி மதிப்பதோடு நில்லாமல், இந்த முடிவுகளைப் படலம் படலமாகத் தேடிப் படிக்கும் வேலை நம்முன் இருக்கிறது.