சோலை என்னும் சொல்லும் பழமுதிர்சோலையும்

திருமுருகாற்றுப்படை பதினோராந் திருமுறையுள் வைத்துக் கோக்கப்பெற்றமையின் சைவர் விரும்பி ஓதும் நூலாயிற்று. ஓதுவார் பலரும் அதன் இறுதியை எய்தியவுடன், பழமுதிர்சோலை என்றது கனி உதிரும் ஒரு பூந்தோட்டமே எனக் கொண்டு கடந்து போகின்றனர். ஔவையாரிடம் சுட்ட பழமோ சுடாத பழமோ என முருகன் வினாவிய நாவன்மரக் கதையும் அக்கருத்துக்குத் துணையாயிற்று. கதை இனிது. ஆயின் அதனைக்கொண்டு நக்கீரனார் பாட்டுக்குப் பொருள் காண்டல் முறையன்று.

அப்பகுதியில் ஆசிரியர் அருவியின் வழியே மலையைக் காட்டுகின்றார். உச்சியினின்று இழியும் நீர் அகிலைச் சுமக்கின்றது, சந்தனமரத்தை உருட்டுகின்றது, மூங்கிலின் வேரைப் பிளக்கின்றது, வரையிலே தொங்கும் தேனடையைச் சிதைக்கின்றது. ஆசினிப் பலாவின் சுளை அந்நீரிற் கலக்கின்றது. முசுக்கள் நடுங்குகின்றன, பிடியானை குளிர்கின்றது, மிளகுக்கொடி சாய்கின்றது, கரடி பாறைப்பிளவுட் புகுகின்றது. யானைக்கோட்டு முத்துப் போல்வன புலவர் வழக்கு. அவை ஒழிய ஏனைய யாவும் மலையேறிக் கண்டார் கூறும் செய்திகளே. கனி உதிர்தல் இங்கே ஒரு சிறு நிகழ்ச்சி. தோட்டத்திற் கரடிக்கு என்ன வேலை?

நிகண்டுகள் சோலை, கா, பொழில், தண்டலை என்பவற்றை ஒருங்கே தொகுத்தன. மனப்பாடத்திற்கு அது நன்று. நூற்பொருள் காண்டற்குப் போதாது. முருகன் உறையும் இடங்களை எண்ணுமிடத்து இவ்வாசிரியர்தாமே காட்டினையும் காவினையும் வேறுவேறாக வைத்தமை காண்க.

சோலை என்னும் சொல் தன் பழம்பொருளோடு இன்றும் வழங்குமிடம் உண்டு. இந்நூல் கூறும் ஆவினன்குடியாகிய பழனிக்குத் தெற்கே உயர்ந்துள்ள மலைத்தொடரே அது. பழனியினின்றும் வத்தலக்குண்டினின்றும் கொடைக்கானலுக்கு ஏறும் வழிகள் கூடுமிடம் பெருமாள்மலை. அதன் அயலிலே புலிச்சோலை என ஓரிடம் உளது; பெயரே நம் வழக்கைத் தீர்த்துவைக்கும். மலைமடிப்பில், ஓடையை ஒட்டி, தலை நெருங்கிப் பின்னிய மரங்கள் பாசி போர்த்து நிற்கும் இயற்கைக் காட்டினையே அம்மலையார் சோலை என்பர். சூழ இருப்பது புல்வெளி. ஒருவர் நட்டதன்று, நீர் பாய்ச்சியதுமன்று. பெய்த மழையை மக்கிய இலைப்படுகையிலே பிடித்துவைத்துக் கோடையிலும் சிறிது சிறிதாக விடுவது அது. நக்கீரனார் பாடிய அகிலும் சந்தனமும் அவ்வளவு உயரத்தில் வளர்வனவல்ல. அவர் பாடியது இம்மலையை என்று யாம் சாதிக்கப் புகவில்லை. சொல்லின் பொருளையே ஈண்டு நாடுகின்றோம்.

ஆங்கில வனநூலார் இச்சொல்லை நம்மிடமிருந்து கொண்டு 'ஷோலா' எனத் தம் கலைச்சொல்லாக்கினர். தமிழர் அதனை மீட்டும் வாங்கி 'ஷோலாக்காடு' என்று எழுதுகின்றனர்! தம் வீட்டுப் பண்டத்தைச் சந்தையிலே விலைகொடுத்துக் கொள்வாரை என்னென்பது?

சொல் தேய்ந்தமையாற் காடு தேய்ந்தது என்று கூறுதல் மிகையாம். ஆயினும் நட்ட மரமும் தானே முளைத்த மரமும் ஒன்றே என்னும் மயக்கம் ஈரிடத்தும் உண்டு. கொடைக்கானல் ஏரி 1863-ல் அமைக்கப்பெற்றது. பெருமாள்மலையினின்று மேலேறுவார் வழியிற் காணும் வெள்ளியருவியும் அவ்வேரியின் மிகுநீரே. தோல் பதனிடுதற்குச் சீகைமரமும், விறகிற்கும் கூழிற்கும் தைலமரமும், பைன்மரமும் பிற நாடுகளினின்று வந்து புல்வெளிகளை மூடின. பசுமையாயிருத்தலின் காண்பார் இவற்றையும் காடென்றே மகிழ்கின்றனர். சீகையின் நிழலிலேயே சோலைமரக் கன்றுகள் சில தாமே முளைத்து வருதல் வியப்பு. 2013-ல் அம்மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது.

பாடஞ் சொல்வார் இப்பகுதியை உரைக்கும்போது ஆமா என்பதற்குக் காட்டுப்பசு எனப் பொருளெழுதி அமைகின்றனர். கொடைக்கானற் பிள்ளைகளுக்கு அவ்வுரை வேண்டுவதில்லை. காலில் வெள்ளையுறை அணிந்தாற்போன்ற அக்கரிய ஏறு அவர் தெருவிலேயே வந்து நிற்கின்றது.