கேமராவுக்குப் பின்னால் நின்ற வாரிசு

படாபஜார் பக்கம் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு ஆர்மேனியர் என்றால் 1724-இல் எழுந்த அந்தத் தேவாலயம்தான் நினைவுக்கு வரும். சினிமா தெரிந்தவர்களைக் கேட்டால் ஆட்டம் எகோயானின் 'அராரத்' (2002) என்பார்கள். 1915 இனப்படுகொலையைப் பேசும் பெரிய படம். ஆனால் அதே இயக்குநர் 1993-இல் கைக்கடக்கமாக எடுத்த 'காலண்டர்'தான் புலம்பெயர்ந்தவன் மனசைச் சரியாக எடை போட்ட படம் என்பது என் துணிபு.

எகோயான் 1960-இல் கெய்ரோவில் ஆர்மேனியப் பெற்றோருக்குப் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 'காலண்டர்' படத்தில் அவரே போட்டோகிராபர். மனைவியாக வருபவர் அவருடைய நிஜ மனைவி அர்சினே கான்ஜியன். காலண்டர் ஒன்றுக்காகப் பன்னிரண்டு பழைய தேவாலயங்களைப் படமெடுக்க ஆர்மேனியா போகிறார்கள். கூட்டிப்போகும் உள்ளூர்க்காரர் ஒவ்வொரு கோயிலின் கதையையும் ஆர்மேனிய மொழியில் உருகிச் சொல்கிறார். போட்டோகிராபரும் அதே இனம்தான், ஆனால் பாஷை தெரியாது. மனைவி மொழிபெயர்க்கிறாள். இவனுக்கோ, விளக்கம் சொல்வதற்குத் தனியாகக் காசு கேட்பானோ என்று கவலை! (இந்தக் கணக்கு வியாபாரிக்கு நன்றாகவே புரியும்.) பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா என்றால், அப்படி ஒன்று தோன்றியதே இல்லை என்கிறான். கடைசிவரை கேமராவை விட்டு நகரவில்லை. மனைவி அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறாள்.

சுவரில் தொங்குவது அழகான காலண்டர். ஆனால் அதன் ஒவ்வொரு மாதமும் அவன் அவளை இழந்த ஓர் இடம். ஆட்டு மந்தையை அவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த மனிதர் தன் கையைப் பிடித்தார் என்று அவள் பின்னால் சொல்கிறாள். படம் கைக்கு வந்தது, பார்க்கவேண்டியது தப்பிப்போனது. பூர்வீகத்தைப் பார்க்கப் போகிறவன் கதி இதுவென்று இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

'அராரத்' நிலைமை வேறு. துருக்கி அரசு அதை இனப்படுகொலை என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளாததால் ஆளுக்கு ஆள் சாட்சி சொல்லவேண்டியதாகிறது. நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் படம் கோர்ட்டுக் கட்டுபோல் கனத்துவிட்டது. படத்துக்குள் படம் எடுக்கும் டைரக்டர் (சார்லஸ் அஸ்னவூர்), வான் நகரத்திலிருந்து தெரியாத அராரத் மலையைத் திரைச்சீலையில் வரைந்து வைக்கிறார். அது கவிச் சுதந்திரமாம்.

அதிலும் தப்பிப் பிழைத்த பகுதி ஓவியர் அர்ஷில் கோர்க்கியுடையது. 1912-இல் வானில் தாயோடு எடுத்த ஒரே போட்டோவை வைத்து, அமெரிக்காவில் வருஷக்கணக்காக வரைந்தார். தாய் 1919-இல் பட்டினியால் மாண்டவள். அந்த ஓவியம் இரண்டு வடிவங்களில் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் இருக்கிறது. இரண்டிலும் தாயின் கைகள் முடிக்காததுபோல் மங்கலாக நிற்கும். படத்தில் கோர்க்கி தன் கையாலேயே அவற்றைத் தேய்த்து அழிக்கிறார். இங்கே வாதம் இல்லை, சாட்சிக் கூண்டு இல்லை. 'காலண்டர்' எடுத்த எகோயான் திரும்பி வந்துவிடுகிறார்.

இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் 'காலண்டர்' படத்தை முதலில் பாருங்கள், ஒண்ணேகால் மணிக்குள் முடிந்துவிடும். ஆர்மேனியப் பேச்சுக்கு சப்டைட்டில் வராது. டிஸ்க் கெட்டுப்போனதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார்.