கல்லோடன் காலையும் அடுத்த சீசனும்

‘அவுட்லேண்டர்’ தொடரின் இரண்டாம் சீசன் 2016 ஜூலை 9 அன்று அமெரிக்காவின் ஸ்டார்ஸ் சேனலில் முடிந்தது. கடைசி எபிசோட் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஒரு வரலாற்றுக் காதல் தொடரின் சீசனை எப்படி முடிக்க வேண்டும் என்பதற்கு அதில் நல்ல பாடம் இருக்கிறது. எங்கே நிறுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்பதும் அதிலேயே தெரிகிறது. இந்த வகைத் தொடர்களைப் பார்க்கிற, அவற்றைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்த எபிசோடை ஒரு முறையாவது நிதானமாகத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். இரண்டாம் உலகப் போரில் செவிலியராக இருந்த கிளேர், போர் முடிந்ததும் கணவன் ஃபிராங்குடன் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகருக்கு வருகிறாள். அங்கே ஒரு கல்வட்டத்தில் கை வைத்ததும் 1743-இல் போய் விழுகிறாள். மலைநாட்டு வீரன் ஜேமி ஃபிரேசரை மணக்கிறாள். 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் பொட்டலில் மலைநாட்டுப் படை அழியப்போகிறது, அதோடு அந்தக் குலங்களின் வாழ்க்கைமுறையே நொறுங்கப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும். இரண்டாம் சீசன் முழுவதும் அந்தப் போரைத் தடுக்க இருவரும் பாரிஸிலும் ஸ்காட்லாந்திலும் செய்யும் முயற்சிதான். கடைசி எபிசோட் அந்த ஏப்ரல் 16-இன் காலையில் நிற்கிறது. எல்லா முயற்சியும் தோற்றுவிட்டது.

உண்மையில் அந்தக் காலை எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மலைநாட்டவர்களைத் திரட்டியிருந்த இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் ‘ஜேக்கபைட்’ படை முந்தின இரவு நெய்ர்ன் வரை நடந்துபோய் எதிரி முகாமைத் தூக்கத்தில் தாக்கத் திட்டமிட்டது. அன்று எதிரியான பிரிட்டிஷ் அரசுப் படையின் தளபதி கம்பர்லண்ட் பிரபுவின் 25-ஆவது பிறந்தநாள். படைவீரர்கள் குடித்துக் கிடப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். இருட்டில் வழி நீண்டது, விடியப்போகிறது என்று பாதியில் திரும்பினார்கள். பசியும் தூக்கமின்மையுமாக வந்தவர்களைச் சில மணி நேரத்தில் திறந்த சதுப்புநிலத்தில் அணிவகுக்கச் சொன்னார்கள். அந்த இடம் வேண்டாம் என்று இளவரசரின் தளபதி ஜார்ஜ் மர்ரே வாதாடினார், எடுபடவில்லை. பீரங்கிகளுக்கு நேர் எதிரே வாளும் கேடயமும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஜேக்கபைட் தரப்பில் ஏறத்தாழ 1,500 பேர் செத்தார்கள். அரசுப் படையில் இறந்தவர்கள் என்று கணக்கில் வந்தவர்கள் 50 பேர்தான். காயம்பட்டுக் கிடந்தவர்களைத் தேடித்தேடிக் கொன்றது அதற்குப் பிறகு நடந்தது. மலைநாட்டு உடையைத் தடை செய்த சட்டம் அதே ஆண்டு வந்து, 1782 வரை நீடித்தது.

இவ்வளவு பெரிய சாவைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த எபிசோட் போரைக் காட்டவில்லை. அதன் மிகச் சிறந்த தீர்மானம் இதுதான். போருக்கு முந்தைய சில மணி நேரங்களைத்தான் காட்டுகிறது. ஜேமி தன் பரம்பரை நிலத்தைச் சகோதரியின் மகன் பேருக்கு எழுதுகிறான். தான் துரோகியாகத் தூக்கிலேறினால் அரசாங்கம் பறித்துக்கொள்ளாமலிருக்க அந்தப் பத்திரத்துக்கு முன்தேதி போடுகிறான். கிளேரும் ஜேமியின் ஞானத்தந்தை மர்டாவும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். சிறுவன் ஃபெர்கஸிடம் அதைக் கொடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். சாகப்போகிறவன் கடைசியாகச் செய்கிற காரியம் ஒரு சொத்துப் பத்திரம்! காதல் தொடர்களில் வழக்கமாக வரும் மழை, வயலின், நீண்ட வசனம் எல்லாவற்றையும்விட அந்தக் கையெழுத்து எனக்கு வலித்தது. அவனுக்கு இந்த உலகில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதை அது சொல்லிவிடுகிறது.

பிறகு கல்வட்டம். கிளேர் கர்ப்பமாக இருப்பதை ஜேமி நாள் கணக்கு வைத்தே அறிந்திருக்கிறான். குழந்தைக்காக அவள் தன் காலத்துக்குத் திரும்பியாக வேண்டும். தூரத்தில் பீரங்கி முழங்கத் தொடங்குகிறது. அந்தச் சத்தத்தின் பொருள் நமக்கும் தெரியும், கிளேருக்கும் தெரியும். சாதாரணக் காதல் கதையில் பார்ப்பவர் மனம் “எப்படியாவது தப்பிவிட மாட்டார்களா” என்று தவிக்கும். இங்கே அந்தத் தவிப்புக்கு இடமே இல்லை. வரலாறு கதவைச் சாத்திவிட்டது. சாத்திய கதவுக்கு முன்னால் இரண்டு பேர் எப்படி நிற்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்க முடிகிறது. கிளேராகவும் ஜேமியாகவும் நடிக்கும் கட்ரீனா பால்ஃபும் சாம் ஹியூகனும் அங்கே குரலைக்கூட உயர்த்துவதில்லை. வரலாற்றுக் காதல் என்ற வகைக்கு மட்டுமே கிடைக்கிற பலம் இது. கற்பனை நாட்டில் நடக்கிற கதைக்கு இது வாய்க்காது.

இங்கேயே நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

ஆனால் எபிசோடின் மறுபாதி 1968-இல் நடக்கிறது. நடுவயதை எட்டிய கிளேர், இளம்பெண்ணாகிவிட்ட மகள் பிரையானாவுடன் இன்வர்னெஸுக்கு வருகிறாள். ரோஜர் என்ற இளைஞன் அறிமுகமாகிறான். காட்சிகள் 1746-க்கும் 1968-க்கும் மாறி மாறிப் போகின்றன. தொடருக்கு மூலமான டயானா காபல்டனின் நாவலில் இந்த 1968 பகுதிதான் தொடக்கம். இரண்டாம் புத்தகத்தைத் திறந்ததுமே வாசகர் இருபது ஆண்டுத் துக்கத்தைச் சுமக்கிற ஒரு பெண்ணைப் பார்த்துவிடுவார். பாரிஸ் கதை முழுவதும் அந்தத் துக்கத்தின் நிழலில் படிக்கப்படும். தொடரோ முதல் எபிசோடில் 1948-ஐ வைத்தது. கிளேர் திரும்பி வந்து ஃபிராங்கிடம் சேர்வதைக் காட்டி, 1968-ஐக் கடைசிக்குத் தள்ளியது. இழப்பு என்ற செய்தி நமக்கு முன்பே கிடைத்துவிட்டது, உண்மைதான். ஆனால் இருபது ஆண்டுகள் என்ற கனம் கடைசி ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் வந்து சேர்கிறது. அந்த நேரத்துக்குள்ளேயே இரண்டு புதிய முக்கியப் பாத்திரங்களை அறிமுகப்படுத்தவும் வேண்டும், தாய்க்கும் மகளுக்கும் சண்டை மூட்டவும் வேண்டும், கணவனை எரித்துவிட்டுக் கல்லுக்குள் மறைகிற கிலியன் எட்கர்ஸின் கதையையும் சொல்ல வேண்டும். 1746-இன் அமைதியை இந்த நெரிசல் பல இடங்களில் கலைக்கிறது. புதிய நடிகர்களைக் குறை சொன்னவர்கள் பலர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இடத்தின் குறுக்கத்தைத்தான் நான் குறை சொல்வேன்.

இருந்தும் 1968-இல் ஒரு காட்சி தனியாக நிற்கிறது. கிளேர் கல்லோடனுக்குப் போகிறாள். அங்கே இளவரசர் சார்லஸின் உருவச்சிலையைப் பார்த்து, ஒரு முட்டாளை வீரனாக்கிவிட்டார்கள் என்று மனம் கசக்கிறாள். பிறகு ஃபிரேசர் குலத்துக் கல்லின் அருகே அமர்ந்து, செத்துப்போனதாக நம்பும் கணவனிடம் பேசுகிறாள். மகளைப் பற்றிச் சொல்கிறாள். இருபது ஆண்டுக் கோபத்தைச் சொல்கிறாள். விடைபெறுகிறாள். துக்கம் ஒரு மனிதருக்குள் எப்படி வயதாகிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய தொலைக்காட்சிக் காட்சிகள் குறைவு.

அந்த விடைபெறுதலுக்கு ஆயுள் அந்த எபிசோட் முடிகிற வரைகூட இல்லை. போருக்குப் பின் கொல்லப்படவிருந்த அதிகாரிகளில் ஒரு ஃபிரேசர் தப்பினார் என்ற ஆவணத்தை ரோஜர் கொண்டுவருகிறான். விடிகிற வெளிச்சத்தில் கிளேரின் முகம் மலர்கிறது. திரும்பிப் போகப்போகிறாள். முடிந்தது. அடுத்த சீசனுக்கு 2017 செப்டம்பர் 10 வரை, பதினான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

எழுதியவர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. இந்தத் திருப்பம் தொலைக்காட்சி கண்டுபிடித்ததில்லை. நாவலும் இதே செய்தியோடுதான் முடிகிறது. நாவலுக்கும் ஒரு வரலாற்று வேர் இருக்கிறது. எரிக் லிங்க்லேட்டர் என்ற ஸ்காட்டிஷ் எழுத்தாளரின் நூலில், கல்லோடனுக்குப் பிறகு கொல்லப்படக் கொண்டுபோன காயம்பட்ட அதிகாரிகளில் ஃபிரேசர் ஒருவர் மட்டும் பிழைத்ததாக வருகிற குறிப்பிலிருந்தே நாயகனுக்கு அந்தக் குலப்பெயரை வைத்ததாகக் காபல்டன் சொல்லியிருக்கிறார். ஆகவே ஜேமி பிழைத்தது தவறில்லை. பிழைத்த செய்தி எப்போது வருகிறது என்பதுதான் பிரச்சினை. புத்தகத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சுமந்த துக்கத்துக்குப் பிறகு அது வருகிறது. அங்கே அது உழைத்துப் பெற்ற மூச்சு. தொடரில், கல்லின் அருகே அழுத ஈரம் காய்வதற்கு முன் வருகிறது. பார்ப்பவர் துக்கப்பட நேரமே தரப்படுவதில்லை. அடுத்த சீசனுக்கு ஆள் சேர்க்க வேண்டிய கட்டாயம், வரலாறு பறித்துக்கொண்டதை அதே இரவில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஜேமி திரும்பக் கிடைத்துவிட்டான். அந்த 1,500 பேர்? அவர்கள் இருவருடைய பிரிவுக்குப் பின்னணி இசையாகிவிட்டார்கள். போரை அடுத்த சீசனின் முதல் எபிசோட், ஜேமியின் கலங்கிய நினைவுகளாகத் துண்டு துண்டாகக் காட்டுகிறது. நண்பர்கள் ஒவ்வொருவராகச் சுடப்படுவதையும் காட்டுகிறது. அது நேர்மையான எபிசோட். ஆனால் அதைப் பார்க்கும்போது ஜேமி சாகமாட்டான் என்று பதினான்கு மாதங்களாக நமக்குத் தெரியும். சாவின் கூர் மழுங்கிவிட்டது. அரசுப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நின்றார்கள், இது ஒரே நாட்டுக்குள் நடந்த சண்டையாகவும் இருந்தது என்ற சிக்கலை எடுத்துப் பேசுவதற்கும் கடைசி எபிசோடில் இடம் இல்லாமல் போனது.

இந்தக் குறையின் விளைவைக் கல்லோடனிலேயே பார்க்கலாம். குலப்பெயர் பொறித்த கற்கள் 1881-இல் அங்கே நாட்டப்பட்டன. அவை கூட்டுப் புதைகுழிகளின் அடையாளங்கள். நாவலையும் தொடரையும் நேசித்து வருகிறவர்கள் ஃபிரேசர் கல்லின் முன் பூ வைக்கிறார்கள். மிதித்து மிதித்துப் புல் தேய்ந்துபோய், இடத்தைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை கயிறு கட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. அந்த அன்பை நான் இழிவாக எண்ணவில்லை. ஒரு தொடர்தான் அவர்களை அந்தப் பொட்டலுக்கு அழைத்து வந்தது, அது பெரிய காரியம். ஆனால் பூ வைக்கப்படுவது கற்பனையான ஒருவனுக்கு. அதுவும் கதைப்படி அங்கே சாகாத ஒருவனுக்கு. கீழே கிடப்பவர்களின் பெயரே யாருக்கும் தெரியாது.

கடைசி எபிசோட் வெளியான இரவிலேயே எழுந்த பேச்சும் இதே வழியில்தான் போனது. எப்போது சேர்வார்கள், நாவலில் இருவரும் மீண்டும் காணும் அச்சுக்கூடத்துச் சந்திப்பு எத்தனையாவது எபிசோடில் வரும் என்பதே பேச்சு. நாவலைப் படித்தவர்கள் அதை நாள் குறித்துக் காத்திருந்தார்கள். ரசிகர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கடைசிக் காட்சி எதைக் கேட்கச் சொல்கிறதோ அதைத்தான் பார்ப்பவர் கேட்பார். ‘அவர்கள் சேர்வார்களா’ என்று முடித்தால் அதுவே கேள்வி. ‘இத்தனை பேர் எதற்காகச் செத்தார்கள்’ என்று முடித்திருந்தால் அன்றிரவுப் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

வேறு விதமாக முடிக்க முடியும் என்பதற்குக் கொரியாவின் ‘மிஸ்டர் சன்ஷைன்’ சான்று. கிம் உன்-சுக் எழுதிய 24 எபிசோட்கள், 2018 செப்டம்பர் 30-இல் முடிந்தன. இரண்டாம் சீசன் கிடையாது. ஜப்பானின் பிடிக்குள் கொரியா போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் நடக்கிற காதல் கதை அது. நாயகன் இறக்கிறான், நாயகி போராட்டத்தைத் தொடர்கிறாள். ஆனால் அந்த இறுதியில் என்னை உலுக்கியது காதலர்களின் பிரிவு மட்டுமில்லை. 1907-இல் எஃப். ஏ. மெக்கன்சி என்ற பத்திரிகையாளர் கொரியப் போராளிகளை எடுத்த ஒரு நிஜப் புகைப்படம் இருக்கிறது. கிழிந்த உடையும் ஆளுக்கொரு மாதிரித் துப்பாக்கியுமாக நிற்கிற, பெயர் தெரியாத மனிதர்கள். கடைசி எபிசோட் அந்தப் படம் எடுக்கப்பட்ட தருணத்தையே நடித்துக் காட்டுகிறது. காதல் ஓரமாக விலகி நின்று, முகம் மட்டும் மிஞ்சியவர்களுக்குத் திரையைக் கொடுக்கிறது. மிகையுணர்ச்சி அந்தத் தொடரிலும் நிறைய உண்டு. ஆயினும் முடிகிற இடத்தில் அது யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை மறக்கவில்லை.

‘அவுட்லேண்டர்’ இரண்டாம் சீசனின் இறுதியை நான் சிறந்த முக்கால் எபிசோட் என்று சொல்வேன். பத்திரத்தில் போட்ட கையெழுத்தும், பீரங்கிக்கு முந்தைய கல்வட்டமும், கல்லின் அருகே நடந்த பேச்சும் இந்த வகையின் உச்சங்களில் சேரும். ரோஜரின் ஆவணத்தை அடுத்த சீசனின் வாசலில் வைத்திருந்தால் எதுவும் கெட்டிருக்காது, துக்கத்துக்கு அதற்குரிய காலம் கிடைத்திருக்கும். இனி அதைப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை: இரண்டாம் சீசன் முடிந்த கையோடு மூன்றாவதைத் தொடங்காதீர்கள். நடுவில் பீட்டர் வாட்கின்ஸ் 1964-இல் பிபிசிக்காக எடுத்த ‘கல்லோடன்’ படத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். அதில் தொழில்முறை நடிகர்கள் இல்லை. அந்தப் போரில் நின்றவர்களின் வழிவந்தவர்கள் சிலரும் நடித்திருக்கிறார்கள்.